கூட்டிய விசையும் குறைந்த எடையும்

சிங்கப்பூரில், புக்கிட் பாத்தோக் கிரெசன்ட்டின் தொழிற்பேட்டைக் கட்டடங்களில் மாடிக்கு மாடி கார்ப் பட்டறைகள். அங்கே நடக்கும் வேலைகளில் இளம் காரோட்டிகளைச் சுண்டி இழுப்பது 'ஸ்டேஜ் ஒன்' ரீமேப். ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாமல், என்ஜினை ஆளும் இசியுவின் மென்பொருளை மட்டும் திருத்தி, டர்போவின் காற்றழுத்தத்தையும் தீப்பொறி விழும் நேரத்தையும் மாற்றி எழுதுவார்கள். சில மணி நேரத்தில் கார் வேறு குணத்தோடு வெளியே வரும். அந்தக் குணம் முன்பைவிட மேலானதா என்பது, இப்படித் திருத்திய இரண்டு ஹேட்ச்பேக்குகளை அடுத்தடுத்து ஓட்டினால் தெரிந்துவிடும்.

முதலாவது, ஏழாம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ. இதன் 2 லிட்டர் டர்போ என்ஜினுக்குக் கம்பெனி கொடுத்ததே 220 குதிரைத்திறன். 350 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை நிமிடத்துக்கு 1,500 சுழற்சியிலேயே முழுதாக வந்துவிடும். ரீமேப்புக்குப் பிறகு 300 குதிரைத்திறனை ஒட்டியும் 400 நியூட்டன் மீட்டருக்கு மேலும் போகும் என்பது டியூனர்கள் சொல்லும் கணக்கு. தீவு விரைவுச்சாலையில் சேரும்போது ஆக்சிலரேட்டரைப் பாதி அழுத்தினாலே போதும், பக்கத்து லாரி பின்னால் போய்விடும். இந்த அலட்டிக்கொள்ளாத வேகம் உண்மையான நன்மைதான். அதை யாரும் குறைத்துப் பேசத் தேவையில்லை.

மழை விட்ட சாலையில் கதை மாறுகிறது. இரண்டாம் கியரில், வளைவு முடிந்து காரை நேராக்கும் நேரத்தில் அழுத்திப் பாருங்கள். ஸ்டீயரிங் கையை ஒரு பக்கம் இழுக்கிறது, உடனே மறுபக்கம் இழுக்கிறது. டிராக்‌ஷன் விளக்கு மினுங்குகிறது. கணினி என்ஜினை அடக்குகிறது. காசு கொடுத்துக் கூட்டிய விசையைக் காரே வேண்டாம் என்று தள்ளிவிடுகிறது. இந்த கோல்ஃபில் உள்ள எக்ஸ்டிஎஸ் என்பது வளைவின் உள்பக்கச் சக்கரத்தை பிரேக்கால் லேசாகப் பிடிக்கும் ஏற்பாடு. 220 குதிரைத்திறனுக்கு அது போதுமானது. 300-ஐ வைத்துக்கொண்டு அதையே நம்பினால், வளைவுக்கு வளைவு பிரேக் சூடாவதுதான் மிச்சம்.

இன்னொரு இழப்பு கண்ணுக்குத் தெரியாதது. விசை மொத்தமும் நடு வேகத்திலேயே குவிந்துவிடுவதால், ஊசியை மேலே ஏற்றி ஓட்டக் காரணமே இல்லாமல் போகிறது. வேகம் கூடியிருக்கிறது, என்ஜினோடு பழகும் நேரம் சுருங்கிவிட்டது. எனக்கு இதுதான் பெரிய குறை.

இரண்டாவது, இசட்சி33எஸ் வகை சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட். 1.4 லிட்டர் டர்போ, 140 குதிரைத்திறன், 230 நியூட்டன் மீட்டர். எடையோ ஜப்பானிய மேனுவல் ரகத்தில் 970 கிலோதான். கோல்ஃப் 1,350 கிலோவைத் தாண்டும். ஐந்து பெரியவர்களை எப்போதும் ஏற்றிக்கொண்டு போவதற்கும் தனியாகப் போவதற்கும் உள்ள வித்தியாசம் இது. ஸ்விஃப்ட்டில் ரீமேப் கூட்டுவது முப்பது குதிரைத்திறன் அளவே. ஆனால் மேல் சுழற்சியில் சீக்கிரமே தளர்ந்துவிடும் என்ஜினுக்கு அது இன்னும் கொஞ்சம் மூச்சு தருகிறது. முன்சக்கரங்கள் அதைத் தாங்கிக்கொள்கின்றன. வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எடுத்தால் மூக்கு உள்ளே திரும்புவதும், டயர் பிடிப்பு குறையத் தொடங்குவதும் இருக்கை வழியாகவே தெரிகின்றன.

ஸ்விஃப்ட்டிலும் குறை உண்டு. ஸ்டீயரிங் நடுவில் இருக்கும்போது கைக்கு எந்தச் செய்தியும் வராது. பின்பக்க டார்ஷன் பீம் அடுக்குமாடிக் கார்ப்பேட்டையின் வேகத்தடைகளில் முதுகை இடிக்கும். கோல்ஃபின் மல்டிலிங்க் அங்கே எவ்வளவோ பக்குவம். மேனுவல் ரகம் என்றால், ஆட்டோமேட்டிக் கார்களுக்கான 3ஏ உரிமம் மட்டும் வைத்திருப்பவர் இதைத் தொடவே முடியாது.

ரீமேப்பை விற்கும்போது காட்டும், என்ஜின் விசையை அளந்த டைனோ காகிதத்தை நான் பாதிதான் நம்புவேன். அதில் இருப்பது பெரும்பாலும் என்ஜின் ஆறியிருக்கும்போது எடுத்த ஓட்டம். டர்போ அழுத்தத்தைக் கூட்டினால் உள்ளே போகும் காற்றும் கூடுதலாகச் சூடாகும். இங்கே வெளிக்காற்றே 31, 32 டிகிரி. கம்பெனி இன்டர்கூலர் அந்தச் சூட்டை விரட்ட முடியாமல் தானும் சூடேறிவிட்டால், இசியு தீப்பொறியைத் தாமதப்படுத்தி என்ஜினைக் காப்பாற்றும். விசை சத்தமில்லாமல் இறங்கும். அதனால் மூன்றாவது, நான்காவது ஓட்டத்தின் வரைகோட்டையும் பட்டறையில் கேட்டு வாங்க வேண்டும்.

எரிபொருளும் இதில் சேர்ந்தது. 98 ஆக்டேனுக்கு எழுதிய மேப்போடு மலேசியாவுக்குப் போய் 97 நிரப்பினால், நாக்கிங்கைத் தவிர்க்க என்ஜின் மறுபடி பின்வாங்கும். சிங்கப்பூர் கார் எல்லை தாண்டும்போது முக்கால் தொட்டி பெட்ரோல் இருந்தே ஆக வேண்டும் என்பது விதி. ஆனால் மலேசியாவின் செப்பாங் பந்தயத் தடம் ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே 5.543 கிலோமீட்டர்த் தடத்தில் சில சுற்று விரட்டினால் எந்தத் தொட்டியும் தாங்காது. 1961 முதல் 1973 வரை தாம்சன் ரோட்டில் கிராண்ட் பிரீ நடத்திய சிங்கப்பூரில் இன்று நிரந்தரப் பந்தயத் தடம் கிடையாது. கூட்டிய விசையை முழுதாகச் சோதிக்க எல்லை தாண்டித்தான் ஆக வேண்டும். உள்ளூரில் விரைவுச்சாலை வரம்பே மணிக்கு 90. திருத்திய கோல்ஃப் அதைத் தொட இரண்டு மூச்சு போதும். ஸ்விஃப்ட்டில் மூன்று கியரைப் போட்டு, என்ஜின் பாடுவதைக் கேட்டு, அதே 90-க்கு வரலாம்.

அதற்காக ரீமேப்பை வீண்செலவு என்று ஒதுக்கவும் முடியாது. உலகின் பல வகைப் பெட்ரோலுக்கும் பொருந்த வேண்டும் என்று கம்பெனிகள் மேப்பில் இடைவெளி விட்டே எழுதுகின்றன. அந்த இடைவெளியை அளவோடு பயன்படுத்துவதில் தவறில்லை. 2023 அக்டோபரில் பி பிரிவு வாகன உரிமைச் சான்றிதழ் 1,50,000 வெள்ளியைத் தொட்டது. அப்படிப்பட்ட விலையில் வேறு காருக்கு மாறுவதைவிட, கையில் உள்ளதைச் சீராக்குவது நியாயமான முடிவு. வாரன்டி போகக்கூடும் என்பதையும் அதே கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

என் குறை வரிசையைப் பற்றியது. கோல்ஃப் வைத்திருப்பவர் முதலில் நல்ல டயர், அடுத்து பிரேக் பேட், பிறகு பெரிய இன்டர்கூலர், கடைசியில்தான் ரீமேப் என்று போக வேண்டும். அப்போதும் முதல் இரண்டு கியர்களில் முறுக்குவிசையைக் கட்டுப்படுத்தி எழுதச் சொல்லலாம். விவரமான டியூனருக்கு அது கைவந்த வேலை. டைனோ காகிதத்தில் ஓர் எண்கூட மாறாது, ஈரச் சாலையில் ஸ்டீயரிங் கையோடு நிற்கும். ஸ்விஃப்ட்டுக்கு டயரும் பேடும் மாற்றியபின் ஒரு மாதம் ஓட்டிப் பார்க்கலாம். ரீமேப் பணம் பெரும்பாலும் மிச்சமாகிவிடும்.