கரடுகளுக்கு நடுவே ஒரு சைக்கிள் சீமை

நாமக்கல் மாவட்டம் என்று சொன்னால் சைக்கிள் பிரியர்கள் உடனே கொல்லிமலை என்பார்கள். காரவள்ளியில் தொடங்கிச் சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றிலும் எத்தனையாவது வளைவு என்று எழுதிய பலகை. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் காரின் பின்னால் சைக்கிளைக் கட்டிக்கொண்டு வந்து ஏறுகிறார்கள். ஏறட்டும். ஆனால் அந்த மலையடிவாரத்துக்கு வரும் வழியில் கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கடந்து போகிறார்களே, அந்தச் சமவெளிதான் என் கணக்கில் சைக்கிளுக்கென்றே அமைந்த சீமை. அதன் நடுவில் நான் வெண்ணந்தூரை வைப்பேன்.

சேலம்–நாமக்கல் நெடுஞ்சாலையில் அத்தனூருக்கு மேற்கே சற்று உள்ளே தள்ளி இருக்கும் நெசவு ஊர் இது. விடியும்போதே தெருவில் விசைத்தறிச் சத்தம் கேட்கும். கடைசி வீட்டைத் தாண்டினால் காடுதான். மானாவாரி நிலத்தைக் காடு என்றும் கிணற்றுப் பாசனம் உள்ளதைத் தோட்டம் என்றும் சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம். குச்சிக்கிழங்கு, நிலக்கடலை, சோளம், ஆங்காங்கே தென்னை, பனை. பக்கத்திலேயே அலவாய்மலை. கிழக்கே போதமலை, வடக்கே ஜருகுமலை, அதற்கும் பின்னால் மங்கலாகச் சேர்வராயன். மேற்கே வெகுதூரம் போனால் திருச்செங்கோட்டு மலை. இவற்றுக்கு இடையில் பேர் தெரிந்ததும் தெரியாததுமாக எத்தனையோ கரடுகள். எதுவும் எதோடும் ஒட்டாமல், தனித்தனியே, சமதரையிலிருந்து திடுமென எழுந்து நிற்கும்.

ரசனை இங்கேதான் தொடங்குகிறது. பஸ்ஸில் போனால் இந்த மலைகள் பின்னால் ஓடிவிடும். நடந்து போனால் அரை நாள் ஆனாலும் நின்ற இடத்திலேயே நிற்கும். மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் மிதிக்கிறவனுக்கு மட்டும் அவை மெல்லத் திரும்பிக் காட்டும். மின்னக்கல், அலவாய்ப்பட்டி என்று மலையை ஒட்டிய ஊர்களைத் தொட்டுக்கொண்டு போய்ப் பாருங்கள். ஒரு பக்கம் நீளமாகப் படுத்துக் கிடந்த அலவாய்மலை இன்னொரு பக்கம் வரும்போது குறுகி உயர்ந்து நிற்கும். அது மறையும்போது போதமலை பக்கவாட்டில் வந்து சேர்ந்துகொள்ளும். வழி தவறினாலும் கவலையில்லை. எந்த மலை எந்தத் தோளுக்கு நேராக இருக்கிறது என்று பார்த்தால் போதும். இங்கே கைப்பேசி வரைபடத்தைக் கேட்டு ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பரிதாபம்தான்.

சைக்கிளில் நாட்டுப்புறம் சுற்றுவதை ஒரு கலையாகவே வளர்த்தவர்கள் ஆங்கிலேயர்கள். 1878-லேயே அங்கே சைக்கிள் பயணிகளுக்கென்று ஒரு சங்கம் தோன்றிவிட்டது. ஆபத்தான இறக்கங்களின் தலைப்பில் எச்சரிக்கைப் பலகை நட்டது, நம்பித் தங்கக்கூடிய விடுதிகளுக்குச் சிறகு முளைத்த சக்கரம் பொறித்த தகடு கொடுத்தது எல்லாம் அந்தச் சங்கம்தான். 1994-ல் திறந்த ஒரு பாதை, மேற்குக் கடலோரத்து வைட்ஹேவனிலிருந்து கிழக்குக் கரையின் சண்டர்லாந்து வரை சுமார் 225 கிலோமீட்டர் நாட்டைக் குறுக்கே அறுக்கிறது. கிளம்பும்போது பின்சக்கரத்தை ஒரு கடலிலும் போய்ச் சேர்ந்ததும் முன்சக்கரத்தை மறு கடலிலும் நனைப்பது வழக்கம். நம் ஊர்ச் சைக்கிள் கடைகளில் தலைமுறைகளாகப் புழங்கும் ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. என்ற பெயர்கள்கூட பர்மிங்காமிலிருந்து வந்தவை. 1949-ல் சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியது அந்தத் தொடர்பில்தான். வண்டி வந்தது. அதில் ஏறிச் சும்மா ஊர் பார்க்கப் போகிற பழக்கம் மட்டும் ஏனோ கூடவே வரவில்லை. நமக்குச் சைக்கிள் என்றால் பள்ளிக்கூடம், பால் கேன், தறிக்குப் போக வர. வேலையில்லாமல் மிதித்தால், ‘என்னங்க, வண்டி ரிப்பேருங்களா?’ என்று கேட்பார்கள்.

இங்கிலாந்தின் கிராமச் சந்துகளின் அழகு, இருபுறமும் உயிர்வேலி எழுந்து நடுவில் ஒற்றை வண்டி போகும் அகலத்தில் பாதை வளைந்து போவது. அதைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக எழுதியிருக்கிறார்கள். கொங்குநாட்டானுக்கு அதில் வியக்க என்ன இருக்கிறது? நம் இட்டேரி வேறென்ன? இரண்டு காட்டு வேலிகளுக்கு நடுவே கிளுவையும் கள்ளியும் சங்கஞ்செடியும் அடர்ந்து, அவற்றின்மேல் பிரண்டையும் கோவையும் படர்ந்து, கீழே மாட்டுவண்டிச் சக்கரம் அழுத்திய இரண்டு தடம். நடுவில் புல். அதில் சைக்கிள் ஓட்ட ஒரு பக்குவம் வேண்டும். ஒரு தடத்தைப் பிடித்தால் அதிலேயே போக வேண்டும். பாதியில் மனம் மாறி அடுத்த தடத்துக்குத் தாவினால் நடுப்புல்லின் விளிம்பில் டயர் வழுக்கும். வேகம் குறைந்தால் ஹேண்டில்பார் ஆடும், கூடினால் முழங்கை முள்ளில் உரசும். ஓரத்துப் புதரிலிருந்து கௌதாரி ஒன்று புர்ரென்று எழும்போது பிரேக்கைப் பிடிக்காமல் இருக்கவும் பழக வேண்டும். விலை உயர்ந்த பந்தய சைக்கிளின் விரல் தடிமன் டயர் இதற்கு உதவாது. அகல டயர் போட்ட பழைய கறுப்பு ஹெர்குலிஸும், பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் இலவச சைக்கிளும்தான் இட்டேரிக்குப் பொருத்தம்.

முள்ளைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். சீமைக்கருவேல முள் ஏறியதும் டியூப் உடனே படுத்துவிடாது. முள்ளே துளையை அடைத்துக்கொண்டிருக்கும். அவசரப்பட்டுப் பிடுங்கினால் காற்று போய்விடும். பஞ்சர் கடை கண்ணில் படும்வரை முள்ளோடு ஓட்டுவதே உத்தமம் என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். ஒட்டி முடித்த பிறகும் டயரின் உட்புறத்தை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்க்க வேண்டும். உள்ளே முறிந்து நிற்கும் ஒரு முனை போதும், அடுத்த மைலில் அதே கதை.

பாதை போடுவது ஒரு ராகத்தை ஆலாபனை செய்வது மாதிரி. எதை எப்போது காட்டுவது என்பதில்தான் நயம். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று இந்தச் சமவெளி முழுக்க அடிக்கும். அந்த மாதங்களில் காற்று எழும்பும் முன்பே மேற்கே கிளம்பிவிட வேண்டும். வெயில் முதுகில் இருக்கும். மல்லசமுத்திரம் தாண்டித் திருச்செங்கோடு முப்பது கிலோமீட்டர் சுமார். தெம்பு மிச்சமிருந்தால் அந்தப் பக்கம் புதுப்பாளையத்தில் ராஜாஜி 1925-ல் தொடங்கிய காந்தி ஆசிரமத்தையும் பார்த்துவிடலாம். திரும்பி வரும்போது காற்றே தள்ளிக்கொண்டு வந்து விடும். தை, மாசியில் கிழக்குப் பக்கம் நல்லது. ராசிபுரம் தாண்டி நாமகிரிப்பேட்டைப் பக்கம் போனால் மஞ்சளும் பாக்குத் தோப்பும். நாதஸ்வரத்தில் கிருஷ்ணன் பெயரோடு ஒட்டிக்கொண்ட ஊர் அது. குச்சிக்கிழங்கு வெட்டும் காலமென்றால் வழியெல்லாம் ஜவ்வரிசி ஆலைகளின் புளித்த வாடை வரும். முதலில் குமட்டும், பிறகு பழகிவிடும். களத்தில் வெள்ளை வெளேரென்று மாவு காயும் காட்சிக்காக அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பையில் ஆட்டையாம்பட்டிக் கைமுறுக்கு இருந்தால் போதும். வியர்வையில் போன உப்பு திரும்பி வரும், நொறுங்கினாலும் ருசி குறையாது.

பொறுத்துக்கொள்ள முடியாததும் உண்டு. மழைக்காலத்தில் மதியம்பட்டிப் பக்கம் திருமணிமுத்தாற்றைக் கடந்தால் சாயக்கழிவும் சாக்கடையும் சேர்ந்து வெள்ளை நுரை பொங்கி நிற்கும். சேர்வராயன் அடிவாரத்தில் பிறக்கும் ஆற்றுக்குச் சேலத்தைத் தாண்டி வருவதற்குள் இந்தக் கதி. அங்கே நின்று படம் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு மிதிக்கத்தான் தோன்றும்.

கொல்லிமலையை நான் வெறுப்பவன் என்று நினைத்துவிட வேண்டாம். அந்த ஏற்றத்தில் ஒரு நுட்பம் உண்டு. நாம் இடப்புறம் போகிறவர்கள் என்பதால், ஏறும்போது இடப்பக்கம் திரும்பும் வளைவு நம்மை உட்பக்கம் தள்ளும். அங்கே சரிவு செங்குத்து. வலப்பக்கம் திரும்பும் வளைவில் வெளிவட்டம் நமக்குக் கிடைக்கும். அங்கே சாலை கிட்டத்தட்டச் சமம், மூச்சு வாங்கிக்கொள்ளலாம். இதைத் தெரிந்துகொண்டு கியரை மாற்றுகிறவனும் தெரியாமல் முட்டி மோதுகிறவனும் ஒரே பலத்தோடு கிளம்பினாலும் ஒன்றாக மேலே போய்ச் சேர்வதில்லை. ஆனாலும் அது ஒரு பரீட்சை. தேறினோமா இல்லையா என்பதோடு பேச்சு முடிந்துவிடும். 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடித்துப் பதக்கம் வாங்கும் பிரெவே ஓட்டங்களும் அப்படித்தான்: உடம்புக்கு நல்லது, கண்ணுக்கு அவ்வளவாக இல்லை.

போதமலை வேறு கதை. வெண்ணந்தூர் ஒன்றியத்தைச் சேர்ந்த கீழூர், மேலூர், கெடமலை ஆகிய மலைக்கிராமங்களுக்கு வெகுகாலம் சாலையே கிடையாது. தேர்தல் நேரத்தில் வாக்குப்பதிவு இயந்திரங்களைத் தலைச்சுமையாகத் தூக்கிக்கொண்டு நடந்துதான் ஏறினார்கள். இப்போதுதான் சாலை வருகிறது. நோயாளியைத் தூளி கட்டித் தூக்கிவந்த ஊர்களுக்கு அது எப்போதோ வந்திருக்க வேண்டியது. சைக்கிள்காரர்களின் ஆசையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

வெளியூர் ஆட்களுக்கு ஒன்று சொல்வேன். சைக்கிளைக் காரில் ஏற்றி வரத் தேவையில்லை. சேலம்–கரூர் பாதையில் மல்லூரிலும் ராசிபுரத்திலும் ரயில் நிலையங்கள் இருக்கின்றன. உள்ளூர்க்காரர்களிடம் கேட்பது வேறு. ஊராட்சியிலிருந்து இட்டேரிக்குத் தார் போட வரும்போது தடுக்காதீர்கள், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கு அது வேண்டும். ஆனால் பொக்லைன் வந்து இரண்டு பக்க வேலியையும் வழித்தெடுக்கும் முன், ஒரு பக்கத்துக் கிளுவையையாவது விட்டுவைக்கச் சொல்லுங்கள்.