படியளந்த பேரரசு

விண்மீன் மண்டலங்களைக் கட்டியாளும் பேரரசுக் கதைகளில் என் தங்கை மகன் ஊறிப்போயிருக்கிறான். அரசர்கள், படைத்தலைவர்கள், வானக் கப்பல்கள் எல்லாம் அவனுக்கு மனப்பாடம். பொங்கலுக்கு வந்திருந்தபோது ஒருநாள் கேட்டான்: “மாமா, இத்தனை லட்சம் பேர் சண்டை போடறாங்களே, இவங்களுக்கெல்லாம் யாரு மாமா படியளக்கறது?” நல்ல கேள்வி. மறுநாள் சாயங்காலம் அவனைத் தஞ்சாவூர் பெரிய கோயிலுக்கு அழைத்துப்போய், விமானத்தைப் பார்க்கவிடாமல் அதன் காலடியில் நிறுத்தினேன்.

தை மாதத்துச் சாய்வெயில்தான் கல்வெட்டு பார்க்கத் தோது. உச்சிவெயிலில் அதிட்டானம் என்ற அடித்தளம் வெறும் கருங்கல்லாகத் தெரியும். வெயில் பக்கவாட்டில் உரசும்போது ஒவ்வொரு எழுத்தின் ஓரத்திலும் நிழல் கட்டி, வரி வரியாக எழும்பி வரும். சோழர் காலத் தமிழெழுத்தில் இவ்வளவு அழகானதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. வரி கோணவில்லை, இடைவெளி தப்பவில்லை. புள்ளி வைக்கும் வழக்கமில்லை, எகர ஏகார வேறுபாடு இல்லை. ஆனாலும் கொஞ்சம் பழகினால் வாசித்துவிடலாம். கல்லே கிடைக்காத வண்டல் பூமிக்குக் கல்லைக் கொண்டுவந்து அடுக்கி, அதன்மேல் ஒரு ராஜ்ஜியத்தின் கணக்குப் புத்தகத்தையே வெட்டி வைத்திருக்கிறார்கள்.

கணக்குப் புத்தகம் என்றுதான் சொல்லவேண்டும். 26ஆம் ஆட்சியாண்டின் 20ஆம் நாள் அரண்மனையின் கீழைத் திருமஞ்சனசாலையில் இருந்தபடி முதலாம் ராஜராஜன் இட்ட ஆணை அது. தான் கொடுத்ததும், அக்கன் குந்தவை கொடுத்ததும், தன் பெண்டுகள் கொடுத்ததும், மற்றவர்கள் கொடுத்ததும் எல்லாம் ஸ்ரீவிமானத்தில் கல்லில் ஏறவேண்டும் என்றான். ‘மற்றவர்கள்’ என்ற அந்த ஒரு சொல்லுக்குள் சேனாபதி முதல் சாதாரணச் சேவகன் வரை நுழைந்துவிட்டார்கள். அந்த ஆணையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறையும்.

போர் இந்தக் கல்லில் எப்படி வருகிறது என்று பாருங்கள். அரசன் புகழ் சொல்லும் மெய்க்கீர்த்தியில் அது ஊர்ப்பட்டியல். காந்தளூர்ச்சாலை, வேங்கைநாடு, கங்கபாடி, நுளம்பபாடி, கொல்லம், கலிங்கம், ஈழமண்டலம் என்று தாளக்கட்டோடு போகும். அதிலும் கணக்கு விடவில்லை. இரட்டபாடிக்குப் பின்னால் ஏழரை இலக்கம், கடல் நடுவே இருந்த பழந்தீவுக்குப் பின்னால் பன்னீராயிரம் என்று எண்ணும் கூடவே வருகிறது. அதற்கப்பால் போர்க்கள வர்ணனை ஏதும் இல்லை. மலைநாட்டில் சேரமானையும் பாண்டியர்களையும் வென்று எடுத்த பண்டாரத்திலிருந்து செய்த பாத்திரம் இது, நிறை இவ்வளவு. மேலைச் சாளுக்கியன் சத்யாச்ரயனை வென்று திரும்பியபோது இறைவன் காலடியில் இட்ட பொற்பூ இது, நிறை இவ்வளவு. பொன்னை நிறுத்த எடைக்கல்லுக்குக்கூடப் பெயர் உண்டு: ஆடவல்லான். நெல் அளந்த மரக்காலுக்கும் அதே பெயர்தான். நடராசர் பெயரில் எடைக்கல், நடராசர் பெயரில் மரக்கால்!

அந்தப் பொற்பூவைப் பற்றிப் பேசினால் ஹொட்டூரையும் பேசத்தான் வேண்டும். கன்னட நாட்டு ஹொட்டூரில் 1007ஆம் ஆண்டுச் சாளுக்கியக் கல்வெட்டு ஒன்று உண்டு. ஒன்பது இலட்சம் பேரோடு வந்த சோழப்படை நாட்டைச் சூறையாடியது, பெண்களையும் குழந்தைகளையும் பிராமணர்களையும் கொன்றது என்று அது முறையிடுகிறது. ஒன்பது இலட்சம் என்பது தோற்றவன் ஊதிச்சொன்ன எண்ணாக இருக்கலாம். முறையீட்டை அப்படி ஒதுக்கிவிட முடியாது. தஞ்சாவூரில் பூவாக மலர்ந்தது அங்கே என்னவாக இருந்தது என்பதை ஹொட்டூர்க் கல்தான் சொல்லும். பெரிய கோயில் எழுத்தை ரசிக்கிற எவரும் இரண்டையும் சேர்த்தே வாசிக்க வேண்டும் என்பது என் கட்சி.

படைகளின் பெயர்களில் எனக்குத் தனி மயக்கம். மும்மடிசோழத் தெரிந்த ஆனைப்பாகர், பண்டிதசோழத் தெரிந்த வில்லிகள், இளைய ராஜராஜத் தெரிந்த வலங்கை வேளைக்காரர். ‘தெரிந்த’ என்றால் தேர்ந்தெடுத்த என்று பொருள். ‘வேளைக்காரர்’ என்பது வேளை வரும்போது உயிரைக் கொடுக்க ஒப்புக்கொண்டவர்கள் என்று விளக்கம் சொல்வார்கள். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வாரப்பத்திரிகையில் தொடராக வந்தபோதே வேளைக்காரப் படை நம் வீடுகளுக்குள் வந்துவிட்டது. ஆனால் கதையில் அவர்கள் முழக்கமிட்டு அணிவகுத்துப் போகிறவர்கள். கல்லில் அவர்கள் அன்றாட ஆட்கள். அரசனின் விருதுப்பெயரைத் தங்கள் படைக்குச் சூட்டிக்கொண்டு, கோயில் திருமேனிகளையும் நிவந்தங்களையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் நிற்கிறார்கள்.

சேனாபதி கிருஷ்ணன் ராமனான மும்மடிசோழ பிரம்மமாராயனை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும் படைத்தலைவன். கோயிலைச் சுற்றி நிற்கும் திருச்சுற்றுமாளிகையை அரசன் சொல்படி எடுப்பித்தவன் அவன்தான். அவனுடைய ஊர் அமண்குடி, அதற்குக் கேரளாந்தகச் சதுர்வேதிமங்கலம் என்று இன்னொரு பெயர். கோயில் முதல் வாசலும் கேரளாந்தகன் திருவாசல். சேரநாட்டுப் போர் ஊர்ப்பெயராகவும் வாசற்பெயராகவும் ஆகிவிட்டது. தினமும் அந்த வழியாகப் போய் வருகிறவன் வாயில் வெற்றி தானாகப் புழங்கும். இதைவிட நுட்பமான அரசியல் எனக்குத் தெரியாது.

மருமகன் கேட்ட படிக்கணக்குக்கு வருகிறேன். கோயில் காசை ஊர்ச்சபைகள் வட்டிக்கு வாங்கின. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது எட்டில் ஒன்று. நெல்லாகக் கட்டும் ஊருக்குக் காசு ஒன்றுக்கு மூன்று குறுணி. இங்கே நின்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். மூன்று குறுணி அரைக்கால் காசு என்றால் ஒரு காசுக்கு இருபத்துநாலு குறுணி. பன்னிரண்டு குறுணி ஒரு கலம். ஆக, காசுக்கு இரண்டு கலம் நெல்! ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய தஞ்சாவூர் நெல்விலை விரல்விட்டு எண்ணும் தூரத்தில் நின்றது. பையனின் முகத்தைப் பார்க்கவேண்டுமே. கோயில் காவலுக்குத் திருமெய்காப்பு என்று ஊர்கள் ஆள் அனுப்பின. ஆளொன்றுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல், அதை அளப்பது அனுப்பிய ஊரின் பொறுப்பு.

அந்த நெல் விளைந்த நிலத்தை எழுதிய விதம் எனக்கு எல்லாவற்றையும்விட ஒசத்தி. வளநாடுகளை ஆறுகளுக்கு நடுவே வகுத்திருக்கிறார்கள். உய்யக்கொண்டார் வளநாடு என்றால் அரிசிலுக்கும் காவிரிக்கும் இடைப்பட்ட நாடு. கும்பகோணத்துக்காரனுக்கு வரைபடமே வேண்டாம். வரி போடும்போது ஊர் நத்தம், கோயில், குளம், குறுக்கே ஓடும் வாய்க்கால், சேரிகள், சுடுகாடு எல்லாவற்றையும் கழித்துவிட்டு மிச்சத்துக்குத்தான் இறை. வாய்க்கால் ஓடும் நிலத்தில் நெல் விளையாது என்பது தெரிந்தவன் எழுதிய கணக்கு. அளவு வேலியில் தொடங்கி மா, காணி, முந்திரி என்று இறங்கி, அதற்கும் கீழே ‘கீழ்’ போட்டு இன்னும் நுணுகும். முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. கீழ்முந்திரி அந்த முந்திரியின் முந்நூற்றிருபதில் ஒன்று. கால் நீட்ட இடம் காணாது, ஆனால் கல்லில் அதற்கு இடம் உண்டு. எங்கள் ஊரில் இன்றைக்கும் மூன்று மா ஓர் ஏக்கர் என்றுதான் பேச்சு. என் பெரியப்பாவுக்கு சென்ட் கணக்கு கடைசிவரை நாக்கில் ஏறவில்லை.

இதே கை முத்துகளை எழுதும்போது எப்படி மாறுகிறது! வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, கறடு, இரட்டை, சப்பத்தி, சக்கத்து. ஒரு மாலையில் கோத்த முத்துகளின் உருண்டையையும் கோணலையும் ஒளிக்காமல் பிரித்து எழுதியிருக்கிறார்கள். செப்புத் திருமேனிக்கு எத்தனை முழம், எத்தனை விரல் உயரம், எத்தனை கை, உள்ளே கனமா பொள்ளலா என்று எழுதுகிறார்கள். கண்ணால் பார்த்து, கையால் தூக்கி, பிறகு எழுதிய தமிழ். ‘அழகிய’ என்று ஓர் அடைமொழி போட்டுத் தப்பிக்கிற எழுத்துக்காரர்கள் ஒருமுறை இங்கே வந்து நிற்கலாம்.

இவற்றில் பெரும்பகுதி 1891இலிருந்து ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ இரண்டாம் தொகுதியாகக் கல்வெட்டறிஞர் ஹுல்ட்ஷ் பதிப்பில் அச்சேறியது. புத்தகத்தில் வாசித்துவிட்டுக் கல்லுக்கு வருவது ஒரு சுகம். கல்லைத் தடவிவிட்டுப் புத்தகத்துக்குப் போவது வேறொரு சுகம்.

கோயிலில் ஆடிய தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரின் பட்டியலுக்கு வந்தபோது வெயில் மங்கிவிட்டது. ஒவ்வொருத்திக்கும் வீடு எந்தச் சிறகில், எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள் என்று பெயரோடு இருக்கிறது. அவர்கள் பெயருக்கு முன்னால் வரும் ‘நக்கன்’ என்ற சொல்லை மருமகன் விரல் வைத்துக் கண்டுபிடித்துவிட்டான். அடுத்த வரியிலும் அதே சொல், அதற்கடுத்ததிலும். “நானூறு பேரையும் வாசிச்சுட்டுப் போலாம் மாமா” என்றான். காவலர் விசில் ஊதிக்கொண்டு இந்தப் பக்கம் வரும்வரை பதினேழு வீடு போயிருந்தோம்.