ஆயா: உறவுப் பெயரும் வேலைப் பெயரும்

நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தையை ஒப்படைத்துவிட்டுப் போவது ஆயாவிடம். பள்ளியிலும் ஆஸ்பத்திரியிலும் ஆயா உண்டு. அவருடைய பெயர் பலருக்குத் தெரியாது. தெரியாமலேயே வேலை நடந்துவிடுகிறது.

இதைத் தமிழ்ச்சொல் என்றே என் மாணவிகள் நினைக்கிறார்கள். காரணமில்லாமல் இல்லை. ஆய், ஆயி என்பவை நமக்குத் தாய். வட மாவட்டங்களில் ஆயா என்றால் பாட்டி. ஆனால் வேலைக்காரப் பெண்ணைக் குறிக்கும் 'ஆயா' போர்த்துகீசியரோடு வந்த 'அயா'. அதன் மூலம் லத்தீன் 'அவியா'. அதற்கும் பாட்டி என்றே பொருள். ஸ்பானிய மொழியில் பாட்டியைக் குறிக்கும் 'அபுவேலா'வும் அதே வேர்தான். இரண்டு பாட்டிகள் ஒரே ஒலியில் சந்தித்தது தற்செயல். அந்தத் தற்செயலால் ஆதாயம் அடைந்தது யார் என்பதே என் கேள்வி.

ஐரோப்பாவிலேயே இச்சொல் பால் பார்த்துப் பிரிந்தது. ஸ்பெயினில் இதன் ஆண்பால் 'அயோ', இளவரசனை வளர்த்து ஆளாக்கும் பிரபுவையும் குறித்தது. கடல் கடந்து வந்தது பெண்பால் மட்டும். இங்கே அவள் துரைசாணியின் குழந்தையைத் தூக்கினாள். கோடைக்கு அவர்களோடு ஊட்டிக்கு ஏறினாள். கப்பலில் லண்டன் வரைகூடப் போனாள். பயணிகள் பட்டியல்களில் பல நேரம் 'இன்ன துரைசாணியின் ஆயா' என்பதே அவள் பெயர். வேலை முடிந்ததும் கைவிடப்பட்டவர்களுக்காக லண்டனில் ஆயாக்கள் இல்லம் ஒன்றே இருந்தது. ஹாக்னியில் அது இயங்கிய வீட்டில் 2022-இல்தான் நினைவுப் பலகை வைத்தார்கள்.

1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 பெண்களோ அதற்கு மேலோ வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. குழந்தை வளர்ப்பில் பயிற்சி பெற்ற பெண் அதன் பொறுப்பில் இருக்க வேண்டும் என்றும் எழுதியது. சட்டம் பயிற்சியைப் பார்த்தது. 'ஆயா' என்று கூப்பிடும்போது நாம் அதைப் பார்ப்பதில்லை. பாட்டி பேரனைப் பார்த்துக்கொள்ள எதற்குப் பயிற்சி, எதற்குச் சம்பளம்?

அங்கன்வாடி உதவியாளரையும் ஊர் ஆயா என்றே அழைக்கிறது. அவருக்குத் தரும் பணத்தை மத்திய அரசின் திட்டம் 'மதிப்பூதியம்' என்கிறது. பணிக்கொடைச் சட்டத்தின்படி அது ஊதியமே என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்தது. மதிப்பும் உறவும் கூலிக்கு ஈடாகா என்பதைச் சொல்ல ஒரு நீதிமன்றம் தேவைப்பட்டிருக்கிறது.

உறவுப் பெயரில் அன்பு இருக்கலாம். அந்த அன்புக்குக் கூலிப் பட்டியலில் ஒரு பத்தியும், அதில் அவருடைய முழுப் பெயரும் இருக்கட்டும்.