பல்லவி தெரியும், பதில் தெரியாது

2017 ஜனவரியில் ‘டெஸ்பாசிட்டோ’ என்ற ஸ்பானிஷ் பாட்டு வந்தது. அந்த வருஷம் அதைப் போடாத கல்லூரி விழா திண்டுக்கல்லிலும் இருந்திருக்காது. அந்த மோகத்தின் பின்னால் இப்போது ஒரு கொள்கையும் வந்து சேர்ந்திருக்கிறது: இலக்கணம் வேண்டாம், வகுப்பு வேண்டாம், பாட்டு கேட்டே ஸ்பானிஷ் படித்துவிடலாம். வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலைகளில் வடமாநிலத் தொழிலாளர்களிடம் வேலை வாங்கும் சூப்பர்வைசர்களுக்கும், இந்தி கற்க இதே வைத்தியத்தைத்தான் சொல்கிறார்கள்.

ஒப்புக்கொள்ள வேண்டியதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடலாம். உச்சரிப்புக்குப் பாட்டு நல்லது. ஸ்பானிஷின் ஐந்து உயிரொலிகளும் தமிழ்க் காதுக்குப் புதியவை அல்ல. ஒரே சங்கதியைச் சலிக்காமல் நூறு தடவை கேட்க வைப்பதும் பாட்டுதான். பாடப்புத்தகத்தை யார் அப்படிப் படிக்கிறார்கள்?

ஆய்வே இருக்கிறது என்பார்கள். இருக்கிறது. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 60 பேரை மூன்று குழுவாக்கி ஹங்கேரிய மொழித் தொடர்களைக் கற்றுக்கொடுத்தார்கள். பேசிப் படித்தவர்களைவிடப் பாடிப் படித்தவர்கள் நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள் என்று 2013இல் முடிவு வெளியானது. ஆனால் அங்கே பாடப்பட்டவை சின்னச் சின்னத் தொடர்கள். ஒவ்வொன்றையும் கேட்டுத் திருப்பிப் பாடவும் வைத்தார்கள். காதலியை வருணிக்கும் நான்கு நிமிடப் பாட்டை பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டு போவதற்கு இதை எப்படி அத்தாட்சியாக்குவது?

என் ஆட்சேபம் பழையது. பாட்டில் மொழி இறுகிப்போய்க் கிடைக்கிறது. நடுச்சரணத்துச் சொல் ஒன்று வேண்டுமென்றால் பல்லவியிலிருந்து முணுமுணுத்துக்கொண்டு வந்தால்தான் அது அகப்படும். அகப்பட்டாலும் அதைக் காலம் மாற்றி, ஆள் மாற்றிச் சொல்ல வராது. ‘மைனே ப்யார் கியா’ என்ற 1989ஆம் வருஷப் படத்தின் பெயரை நம் ஊரில் பலரும் பிழையில்லாமல் சொல்வார்கள். அவர்களையே ‘நான் சாப்பிட்டேன்’ என்பதை இந்தியில் சொல்லச் சொல்லுங்கள். ‘மைனே கானா காயா’ என்பதற்குப் பதில் ‘மை கானா காயா’ என்பார்கள். அந்த ‘மைனே’ படப் பெயரோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது, பிய்த்து எடுக்க முடியவில்லை.

ஆலைக்குள் ரிங் பிரேமில் நூல் அறுந்து ஸ்பிண்டில் சும்மா சுற்றிக்கொண்டிருக்கிறது. சூப்பர்வைசர் கேட்க வேண்டியது: எப்போதிலிருந்து இப்படி? இந்தப் பக்கத்தை யார் பார்த்தது? நேற்று ராத்திரி ஷிப்டுக்கு அவன் ஏன் வரவில்லை? எல்லாம் கேள்வி, பெரும்பாலும் நடந்து முடிந்த காரியம், கடைசியில் ஒரு ‘இல்லை’யும் உண்டு. பதில் வரும்போது போஜ்புரியோ ஒடியாவோ கலந்த இந்தியில், மெஷின் இரைச்சலுக்கு நடுவே மடமடவென்று வரும். எந்தப் பாட்டும் கேள்வி கேட்டுவிட்டு நம் பதிலுக்காக நின்றதில்லை.

பாட்டு மொழியைக் கற்பிக்குமென்றால் தமிழ்நாடு எப்போதோ இந்தி பேசியிருக்க வேண்டும். 1965 இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சி நடந்த நான்கே ஆண்டில் ‘ஆராதனா’ படம் வந்தது. 1973இல் ‘பாபி’யும் ‘யாதோன் கி பாராத்’தும். இந்தியை விரட்டிய தலைமுறையே அந்தப் பாட்டுகளை முழுசாகப் பாடித் திரிந்தது. அவர்கள் நாக்பூர் ஸ்டேஷனில் எந்தப் பிளாட்பாரம் என்று விசாரிக்க ஆங்கிலத்தைத்தான் தேடினார்கள். டைரக்டர் பாலசந்தருக்கு இந்த வேடிக்கை தெரிந்திருந்தது. ‘ஏக் துஜே கே லியே’யில் (1981) தமிழ்ப் பையன் லிஃப்டுக்குள் பாடும் பாட்டு இந்திப் படப் பெயர்களை வரிசையாகக் கோத்தது. அவர் சிரிக்க வைத்ததைப் பாட்டு வைத்தியம் சொல்கிறவர்கள் பாடத்திட்டமாக்கிவிட்டார்கள்.

மரியாதை இன்னொரு தொல்லை. இந்திக் காதல் பாட்டு ‘தூ’ என்றோ ‘தும்’ என்றோ கொஞ்சும். ஸ்பானிஷ் பாட்டும் பெரும்பாலும் ‘தூ’ என்றே கூப்பிடும். இதை மட்டுமே கேட்டு வளர்ந்தவர் பாங்க் மேனேஜரையும் நீ, வா, போ என்றுதான் அழைப்பார். கொலம்பியாவிலோ வீட்டுக்குள்ளேயே ‘உஸ்தேத்’ என்று மரியாதையாகப் பேசிக்கொள்கிறவர்கள் உண்டு. ஸ்பானிஷுக்கான டெலே தேர்வில் தேர்வாளருக்கு எதிரே உட்கார்ந்து பேசுவது ஒரு பகுதி. அங்கே காதல் மொழி செல்லுபடியாகாது.

திண்டுக்கல்லில் இயேசு சபையினரின் பயிற்சி இல்லம் பெஸ்கியின் பெயரில் இருக்கிறது. இத்தாலியிலிருந்து வந்து வீரமாமுனிவரானவர்தான். தேம்பாவணியில் 3,615 பாடல் பாடியவருக்குப் பாட்டின் அருமை தெரியாதென்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவர் புதிதாகக் கப்பலேறி வரும் குருமாருக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தபோது முதலில் எழுதியது பேச்சு வழக்குக்கான கொடுந்தமிழ் இலக்கணம். அது 1738இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. செந்தமிழுக்குத் தனியாக இன்னொரு இலக்கணம் எழுதினார். பாட்டைப் படித்தால் பேச்சு தானாக வரும் என்று நம்பியிருந்தால் அவருக்கு ஒரே நூலோடு வேலை முடிந்திருக்கும்.