மேடாகும் மனைகள்: தாங்குசுவர் யாரைக் காக்கிறது?

சென்னையின் தென்பகுதியில் வீடு கட்டுவோர், 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, மேஸ்திரியிடம் முதலில் கேட்பது "ரோட்டுக்கு மேல எத்தனை அடி தூக்கணும்?" என்பதைத்தான். வேளச்சேரி, பள்ளிக்கரணை போன்றவை ஏரியையும் சதுப்பையும் ஒட்டி வளர்ந்த தாழ்வான பகுதிகள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் அங்கே வெள்ளம் சூழ்ந்தது. அதனால் மனையைச் சுற்றித் தாங்குசுவர் எழுப்பி, உள்ளே மண் கொட்டி, அந்த மேட்டில் வீடு கட்டுவது வழக்கமாகிவிட்டது.

இந்த வழக்கத்துக்கு வலுவான நியாயம் உண்டு. வாழ்நாள் சேமிப்பைப் போட்டுக் கட்டிய வீட்டுக்குள் சாக்கடை கலந்த வெள்ளம் புகுவதை யார்தான் பொறுப்பார்கள்? உயர்த்திய தரை வெள்ளத்தைப் படியோடு நிறுத்துகிறது. குடிநீர்த் தொட்டியையும் மின்இணைப்பையும் காக்கிறது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே சாலை போடும் ஊரில், பத்தாண்டு கழித்தும் வீடு தெருவைவிடத் தாழாமல் இருக்க இதுவே எளிய வழி. கொட்டிய மண் மழையில் கரைந்து ஓடாமல் பிடித்துவைக்கவும் நல்ல தாங்குசுவர் வேண்டும்.

ஆனால் நல்ல தாங்குசுவர் அரிது. எல்லையைக் காட்டுவதற்காகக் கட்டிய ஒன்பது அங்குலச் செங்கல் காம்பவுண்டு சுவர்மீதே பல மனைகளில் மண்ணைச் சாய்த்துவிடுகிறார்கள். மண் பக்கவாட்டில் தள்ளும். சுவரின் உயரம் இருமடங்கானால் அந்த விசை நான்கு மடங்காகும்; சுவரைக் கவிழ்க்கும் திறன் எட்டு மடங்காகும். எடையாலேயே நிற்கும் கருங்கல் சுவருக்கு, உயரத்தில் பாதிக்குக் குறையாத அடியகலம் வேண்டும். அரை கிரவுண்டு மனைக்காரர் அந்த இடத்தை விட்டுக்கொடுக்கத் தயங்குவது புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் விசை அந்தத் தயக்கத்தைக் கணக்கில் கொள்ளாது.

மண்ணைவிடப் பெரிய ஆபத்து அதில் தேங்கும் நீர். சுவருக்குப் பின்னால் நீர் முழுதாக நிரம்பினால் தள்ளுவிசை ஏறக்குறைய இருமடங்காகிவிடும். கடலோரத் திருவான்மியூரின் மணல் நீரை வடியவிடும். வேளச்சேரிக் களிமண் விடாது, ஈரத்தில் உப்பவும் செய்யும். ஆகவே சுவரையொட்டி ஜல்லி அடுக்கும், சுவரில் நீர் கசிந்து வெளியேறத் துளைகளும் கட்டாயம். அழுக்கு நீர் வழிகிறது என்று அந்தத் துளைகளைப் பூசி அடைப்பவர், சுவரைப் பலவீனமாக்குகிறார். கான்கிரீட் சுவருக்கோ உப்புக்காற்றும் எதிரி. கடலோரத்தில் கம்பிக்கு மேல் 45 மி.மீ. கான்கிரீட் உறை (கவர்) வேண்டும் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 456. அதைக் குறைத்தால் கம்பி துருப்பிடித்து கான்கிரீட்டைப் பிளக்கும்.

சுவர் விழும்போது பெரும்பாலும் தாழ்ந்த பக்கத்தில்தான் விழுகிறது. 2019 டிசம்பர் 2 அதிகாலை, மேட்டுப்பாளையம் நடூரில் ஒரு வீட்டைச் சுற்றியிருந்த உயரமான கருங்கல் சுவர் மழையில் சரிந்து, அடுத்திருந்த எளிய வீடுகளில் உறங்கிய 17 பேர் இறந்தார்கள். அது கடலோர ஊர் அல்ல. ஆனாலும் சுவர் கட்டுபவர் ஒருவர், அதன் ஆபத்தைச் சுமப்பவர் வேறொருவர் என்ற அநீதி எல்லா ஊருக்கும் பொது.

விழாத சுவரும் அண்டைவீட்டைத் தாக்குகிறது. ஒரு மனை மேடானால் அங்கே தேங்கிய நீர் மறையாது. பக்கத்து மனைக்குப் போகும். அவரும் தூக்குவார். பணமில்லாத மூன்றாமவர் வீடு குளமாகும். தெரு முழுவதும் இப்படியே உயர்ந்தால், வெள்ளம் பரவி நிற்க இடமில்லாமல் அதன் மட்டமும் உயரும். எல்லாரும் செய்யும்போது பயன் குறைந்துகொண்டே போகும் தற்காப்பு இது.

எனவே தாங்குசுவரை முற்றாக ஒதுக்கவும் கூடாது, கண்மூடி ஏற்கவும் கூடாது. இரண்டு மூன்று அடி உயர்த்துவதற்கு, பொறியாளர் கணக்கிட்டு வடிகாலுடன் கட்டிய சுவர் தகுந்த தீர்வு. அதற்கு மேல் தேவைப்படும் மனையில், நிலநடுக்கத்தையும் கருதி வடிவமைத்த தூண்கள்மேல் வீட்டை நிறுத்தி, கீழே நீருக்கு இடம் விடுவதே மேல். தெருவுக்கொரு தரைமட்டத்தை வரையறுத்து, சாலையை மறுபடி போடும்போது பழைய தாரைச் சுரண்டியெடுப்பது அரசின் கடமை. அது நிறைவேறாதவரை, ஒவ்வொரு குடும்பமும் தன் பாதுகாப்பை அண்டைவீட்டாரின் செலவில்தான் வாங்கிக்கொண்டிருக்கும்.