மஞ்சள் மதிலுக்கு முன்னால் எல்லாப் பாட்டும் ஒன்றுதான்

“புதுச்சேரியே ஒரு செட். கேமராவை எங்கே வைத்தாலும் ஃப்ரேம் அழகுதான்.” விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) மாணவர்கள் எடுக்கும் ஆல்பம் பாடல்களுக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் இப்படிச் சொல்வதுண்டு. அவர்கள் பாராட்டாகச் சொல்வதுதான் என் குற்றச்சாட்டே.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். கைபேசியின் 4கே, காசில்லாமல் கிடைக்கும் டாவின்சி ரிசால்வ் எடிட்டிங் மென்பொருள், இவற்றை வைத்தே வண்ணத்தில் அசத்துகிறார்கள். பாட்டை இரு மடங்கு வேகத்தில் ஒலிக்கவிட்டு, அதற்கேற்ப வாயசைக்கச் சொல்லி, நொடிக்கு 48 ஃப்ரேமில் எடுத்து 24-இல் ஓட்டும் வித்தையும் கைவந்திருக்கிறது. உதடு பாட்டோடு ஒட்டும், கூந்தல் மட்டும் மெதுவாக அலையும்.

ஆனால் குறிப்பிட்ட அந்த வரியில் காலம் ஏன் மெதுவாக வேண்டும்? கேட்டால் பதில் வராது. திட்டமிடல் பாட்டிலிருந்து தொடங்கவேயில்லை, லொக்கேஷனிலிருந்து தொடங்கியது. ரோமன் ரோலண்ட் வீதி, சுஃப்ரன் வீதி, மஞ்சள் மதில், அதன்மேல் சரியும் காகிதப்பூ, விடியலில் காந்தி சிலை, பழைய கலங்கரை விளக்கம். எல்லாவற்றையும் ஒரே காலையில் அள்ளிக்கொண்டு வந்து, டைம்லைனில் பாட்டைப் போட்டு, பீட் விழும் இடமெல்லாம் ஒரு வெட்டு. கானாவுக்கும் அந்த மதில்தான், பிரிவுப் பாட்டுக்கும் அந்த மதில்தான். இரண்டின் காட்சிகளையும் மாற்றிப் போட்டால் எடுத்தவருக்கே தெரியாது. பீட்டுக்கு வெட்டுவதைத் தாளஞானம் என்கிறார்கள். கச்சேரி முழுக்கத் தொடையில் தட்டிக்கொண்டிருப்பவரை யாரும் வித்வான் என்பதில்லை. மூச்சு வாங்கும் இடம், குரல் தழுதழுக்கும் இடம், வாத்தியங்கள் விலகிக் குரல் தனித்து நிற்கும் இடம் எதையும் அந்த வெட்டு கேட்டதில்லை.

ஒயிட் டவுனை விட்டுவிட்டு வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் பகுதிக்குப் போங்கள் என்று சொல்ல வரவில்லை. திண்ணை வீடும் குபேர் அங்காடி மீன்கடையும் மூடிக்கிடக்கும் ஏ.எஃப்.டி. மில்லும், பாட்டைக் கேட்காதவர் கையில் இன்னொரு மஞ்சள் மதில்தான்.

“மாணவர்கள்தானே, பட்ஜெட் ஏது?” என்பார்கள். கெமிக்கல் பிரதர்ஸ் இசைக்குழுவின் ‘ஸ்டார் கிட்டார்’ பாட்டு 2002-இல் வெளிவந்தது. அதன் வீடியோவை எடுத்தவர் பிரெஞ்சுக்காரரான மிஷெல் கோண்ட்ரி. ஆடுபவர் இல்லை, பாடுபவர் இல்லை, ரயில் ஜன்னல் மட்டும். கடந்துபோகும் கம்பமும் கட்டடமும் பாலமும் ஒவ்வொன்றும் பாட்டின் ஒவ்வொரு ஒலி. ஒலி திரும்ப வந்தால் பொருளும் திரும்ப வருகிறது. அதை உருவாக்கிய கணினி வேலைக்குக் காசு செலவாகியிருக்கும், மறுக்கவில்லை. திட்டத்துக்குத் தேவைப்பட்டதோ கிராஃப் தாளும், மேஜையில் வரிசையாக அடுக்கிப் பார்க்கச் ஆரஞ்சுப் பழம் போன்ற சில சாதாரணப் பொருள்களும்தான். வீடியோவை உருவாக்குவதற்கு முன்பே பாட்டு தாளில் ஏறிவிட்டது. நம் பிள்ளைகளிடம் இல்லாதது அந்தத் தாள். ட்ரோனை வாடகைக்கு எடுக்கக் காசு சேர்க்கிறவர்கள் ஒரு குயர் கிராஃப் தாள் வாங்க மாட்டார்களா?

விழுப்புரம் பாசஞ்சரில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் வில்லியனூர் தாண்டியதும் பனையும் மின்கம்பமும் வரப்பும் மாறி மாறி வருகின்றன. அதைப் பார்த்துக்கொண்டே தன் பாட்டை மாத்திரை மாத்திரையாக எண்ணி ஒரு மாணவர் படமெடுக்கட்டும். தோற்றுப்போனாலும் சரி, கடற்கரைச் சாலையை ஆகாயத்திலிருந்து அளந்த பத்து ஆல்பங்களைத் தள்ளிவிட்டு அதற்குத்தான் மதிப்பெண் போடுவேன்.