மணி ஒன்றாகட்டும், பூத்துவிடும்!

அதிராம்பட்டினத்து மதிய வெயில் தெரியும்தானே? கடல் பக்கமிருந்து உப்புக்காற்று வந்தாலும் சட்டையில் ஈரம் காயாது, தெருவில் ஈ காக்கை இருக்காது, நாய்கூட வாசற்படி நிழலை விட்டு நகராது. அந்த நேரத்தில்தான் நான் கொல்லையில் முக்காலி போட்டு ஏறி, பந்தலுக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்கிறேன். மணி பன்னிரண்டே முக்கால். என் மூக்குக்கு நேரே பச்சையாக ஒரு மொட்டு, பெரிய நெல்லிக்காய் அளவு, நுனி மட்டும் லேசாக வெளுத்திருக்கிறது. காற்றே இல்லை. ஆனால் அந்த மொட்டு அசைகிறது. அப்படியே பாருங்கள், கண்ணை இமைக்காதீர்கள்! ஓர் இதழ் விலகுகிறது, அதன் பின்னால் இன்னொன்று, பிறகு உள்ளே சுருண்டு கிடந்த இழைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்து வெளியே வருகின்றன. அடியில் கத்தரிப்பூ நிறம், நுனியில் வெள்ளை, கைக்குழந்தையின் சுருட்டை முடி மாதிரி நெளிந்து நெளிந்து. நடுவில் ஐந்து மகரந்தப் பைகள் தலைகீழாகத் தொங்குகின்றன, அதற்கும் மேலே மூன்று சூல்முடிகள். அப்புறம் அந்த வாசனை! பூவின் வாசனையா பழத்தின் வாசனையா என்று சொல்ல முடியாத ஒரு வாசனை, வெயிலோடு சேர்ந்து அடிக்கிறது. முக்காலி மேல் நின்றபடியே "பூத்திடுச்சு, பூத்திடுச்சு!" என்று கத்துகிறேன். வீட்டில் யாரும் வெளியே வருவதில்லை. தினமும் கத்துகிறேன், அதனால்.

இதுதான் பேஷன் ஃப்ரூட். கொடைக்கானலில் கேட்டால் தாட்பூட் பழம் என்பார்கள், யாழ்ப்பாணத்தில் கொடித்தோடை என்பார்கள். கொடியில் காய்க்கிற தோடம்பழம், எவ்வளவு பொருத்தமான பேர்! தென்னமெரிக்காவுக்குப் போன ஸ்பெயின் நாட்டுப் பாதிரிமார்கள் இந்தப் பூவில் ஏசுநாதரின் பாடுகளைப் பார்த்தார்களாம். இழைகள் முள்முடி, ஐந்து பைகளும் ஐந்து காயங்கள், மூன்று சூல்முடிகளும் மூன்று ஆணிகள். பேஷன் என்ற பேர் அந்தப் பாடுகளிலிருந்து வந்ததுதான். வடக்கே இதே இனத்துப் பூவில் இழைகளைக் கௌரவர்களாகவும் ஐந்தைப் பாண்டவர்களாகவும் எண்ணுகிறார்கள். யார் பார்த்தாலும் ஒரு கதை சொல்லாமல் விட முடியாத பூ இது.

உண்மையைச் சொன்னால் நான் முதலில் ஆசைப்பட்டது கிவி கொடிக்கு. துபாயில் வேலை பார்த்தபோது அந்தப் பச்சைப் பழத்தை வெட்டி வெட்டித் தின்று பழகிவிட்டு, ஊருக்கு வந்ததும் பந்தல் போட்டு அதைப் படரவிட வேண்டுமென்று ஒரே பிடிவாதம். விசாரித்தால், அதற்குக் குளிர்காலத்தில் நூற்றுக்கணக்கான மணி நேரம் குளிர் வேண்டுமாம். பெங்களூரு லால்பாக்கில் அந்தக் காலத்தில் அழகுக்காக நட்டிருக்கிறார்கள், ஆனால் நம் நாட்டில் அது பழப்பயிராக வேர் பிடித்தது சிம்லா பக்கம், 1963இல் நட்ட கொடிகளிலிருந்துதான். நம்ம ஊர் மார்கழியில் போர்வையே தேவைப்படாது! ஒருநாள் வாய்க்கால் ஓரமாக நடந்துகொண்டிருந்தவன் வேலியில் சிறுபூனைக்காலியைப் பார்த்தேன். சின்ன வயதில் எல்லோரும் பறித்துத் தின்றிருப்போமே, மஞ்சள் பழத்தைச் சுற்றிப் பச்சை வலைத்துணி போர்த்திய மாதிரி இருக்கும், வலையை விலக்கி வாயில் போட்டால் விதை கடகடக்கும். அதன் பூவை அன்றுதான் உற்றுப் பார்த்தேன். அதே இழை, அதே ஐந்து, அதே மூன்று! தாட்பூட்டின் தங்கச்சி இவள். தங்கச்சி இந்த உப்புக்காற்றில் உரமும் இல்லாமல் கவனிப்பும் இல்லாமல் வேலியெல்லாம் படர்கிறாள் என்றால், அக்கா என் கொல்லையில் வரமாட்டாளா? அங்கேயே நின்று முடிவு பண்ணிவிட்டேன்.

இதில் இரண்டு சாதி. ஊதாப்பழம் மலைக்காரி, கொடைக்கானல், நீலகிரிக் குளிரில் குதூகலிப்பவள். மஞ்சள்பழம் வெயில்காரி, கடலோரச் சமவெளிக்கென்றே பிறந்தவள். கேரளத்து நர்சரியிலிருந்து ஒரே ஒரு மஞ்சள் கன்றை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் கொண்டுவந்தேன். இடத்துக்குப் பஞ்சமில்லை. 2018 நவம்பர் 16, கஜா புயல் அடித்த ராத்திரி எங்கள் கொல்லையில் ஏழு தென்னையில் ஐந்து சாய்ந்துவிட்டன. அதற்கு அப்புறம் அந்தப் பக்கம் பார்க்கவே மனம் வராது, மரம் இருந்த இடமெல்லாம் வெறும் வானம். அந்த வெற்று வானத்துக்குக் கீழேதான் சவுக்குக் கழி நட்டு, குறுக்கே கம்பி இழுத்து, ஏழடி உயரத்தில் பந்தல் போட்டேன். ஐப்பசி அடைமழையில் தண்ணீர் நின்றால் இதன் வேர் அழுகிவிடும், அதனால் மணலும் ஆட்டெருவும் கலந்து ஓரடி மேடு கட்டி அதன்மேல் நட்டேன். மீனுக்கு நம்ம ஊரில் குறைச்சலா? மீன்கழிவையும் வெல்லத்தையும் ஊறப்போட்டு மீன் அமிலம் எடுத்து, தண்ணீரில் கலந்து பதினைந்து நாளைக்கு ஒரு தரம் ஊற்றினேன்.

கொடியைப் பழக்குவது இருக்கிறதே, அது தனி இன்பம். பிள்ளைக்கு நடை பழக்குவது மாதிரி. ஒரே ஒரு தண்டைத்தான் மேலே விட வேண்டும். வழியில் கிளம்புகிற பக்கச் சிம்பை எல்லாம் இளசாக இருக்கும்போதே கிள்ளிவிட வேண்டும். கொடிக்காலில் வெற்றிலைக் கொடியைக் கட்டுவார்களே, அந்தப் பக்குவத்தில் வாழைநாரால் தளர்வாகக் கழியோடு கட்டிக்கொண்டே போனேன். கம்பியைத் தொட்ட அன்று நுனியைக் கிள்ளிவிட்டேன். பத்தே நாளில் கீழே இரண்டு சிம்பு வெடித்தது, ஒன்றைக் கிழக்கே திருப்பினேன், ஒன்றை மேற்கே. அந்த இரண்டு கைகளிலிருந்தும் கிளைகள் புறப்பட்டு, பந்தலை மூடி, ஓரத்தில் திரைச்சீலை மாதிரி தொங்கின. இதில் ஒரு சூட்சுமம் உண்டு: பூ வருவது புதுத் துளிரில் மட்டும்தான், அதனால் ஒவ்வொரு காய்ப்பு முடிந்ததும் பழங்கிளையைக் குறைத்துக் கவாத்துப் பண்ண வேண்டும். முதல் தரம் கத்தரியைக் கையில் எடுத்தபோது எனக்குக் கை நடுங்கியது, வெட்டிய மறுவாரம் கணுவுக்குக் கணு துளிர் வந்ததைப் பார்த்ததும்தான் உயிர் வந்தது. அப்புறம் அந்தப் பற்றுச்சுருள்! நுனியில் விரலை நீட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நில்லுங்கள், பசும்புல் மாதிரி அது உங்கள் விரலில் சாயும். காலையில் காற்றில் தடவிக்கொண்டிருந்தது, மாலையில் கம்பியை மூன்று சுற்றுச் சுற்றியிருக்கும்.

பதினோராம் மாதம் பூத்தது. ஒன்றா இரண்டா, ஒரே நாளில் இருபது முப்பது! ஆனால் மறுநாள் எல்லாம் மூடிச் சுருண்டு மஞ்சளாகித் தரையில் கிடந்தன. அடுத்த நாளும் அப்படி. ஒரு மாதம் முழுக்க அப்படி. "இம்புட்டுப் பூ பூக்குது, ஒரு பிஞ்சக் காணுமே வாப்பா" என்று உம்மா தினமும் பெருக்கி அள்ளினார்கள். இன்னொரு கொடி இருந்தால் சரியாகும் என்று யாரோ சொல்ல, அதே கொடியிலிருந்து ஒரு குச்சியை வெட்டிப் பதியம் போட்டேன். அதுவும் வளர்ந்தது, அதுவும் பூத்தது, அதுவும் உதிர்த்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை, நிஜமாகவே.

துபாயில் என்னோடு ஒரே அறையில் இருந்த யாழ்ப்பாணத்து நண்பருக்குப் போன் போட்டேன். அவர் சிரித்தார். "அது தன்ர மகரந்தத்தைத் தானே ஏத்துக்கொள்ளாது. ஒரு கொடியில வெட்டின தடியெல்லாம் அந்த ஒரே கொடிதான். வேற விதையில வந்த கொடி ஒண்டு வையுங்கோ" என்றார். அன்றைக்கே கிளம்பி, பேராவூரணிப் பக்கம் சொந்தக்காரர் வீட்டில் விதை போட்டு வந்த கொடியின் கன்று ஒன்றை வாங்கிவந்து பந்தலின் மறுகோடியில் நட்டேன். மஞ்சள் கொடிக்கு மட்டும்தான் இந்த வைராக்கியம். ஊதாப்பழம் தன் மகரந்தத்திலேயே காய்க்கும்.

இப்போது வாருங்கள், அந்த நாளுக்கு. வெள்ளிக்கிழமை. மறுகோடிக் கொடியில் முதல் முதலாக நான்கு மொட்டு பழுத்து நிற்கிறது என்று காலையிலேயே பார்த்துவிட்டேன். ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் திண்ணையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசாமல் நான் வீட்டுக்கு வந்த ஒரே வெள்ளிக்கிழமை அதுதான், நடந்துகூட வரவில்லை, இந்த வயதில் ஓடி வந்தேன், "என்ன காக்கா, வீட்ல யாருக்கும் முடியலையா?" என்று பக்கத்து வீட்டுத் தம்பி பதறிக் கேட்டதற்குப் பதில் சொல்லக்கூட நிற்கவில்லை. நான்கும் பூத்திருந்தன! ஆனால் பூத்தவுடன் தொடக்கூடாது. சூல்முடி மூன்றும் முதலில் நேராக நிமிர்ந்து நிற்கும், மெல்ல மெல்ல வளைந்து, தலை குனிந்து, மகரந்தப் பைகளின் மட்டத்துக்கு இறங்கி வரும், அதற்கு ஒரு மணி நேரம்போல ஆகும். குனியாத பூ காய்க்காது. நான் காத்திருந்தேன். சாப்பிடக் கூப்பிட்டார்கள், போகவில்லை. வேர்வை கண்ணில் இறங்குகிறது, எறும்பு காலில் ஏறுகிறது, அந்த மூன்று முடியும் இவ்வளவு இவ்வளவாகக் குனிகின்றன, யாருக்கோ ஸலாம் சொல்லக் குனிகிற மாதிரி! குனிந்தே விட்டன! இந்தக் கோடிக்கு ஓடினேன், பழைய கொடியின் பூவில் விரலை வைத்தேன், மஞ்சள்தூள் கனமாக ஒட்டிக்கொண்டது, அதை ஏந்திக்கொண்டு அந்தக் கோடிக்கு ஓடினேன், மூன்று முடியிலும் ஒற்றினேன், ஒற்றினேன், மறுபடி ஒற்றினேன், பிறகு அங்கிருந்து தூளை எடுத்துக்கொண்டு இங்கே ஓடிவந்து இங்குள்ள பூவிலெல்லாம் ஒற்றினேன், விரலெல்லாம் மஞ்சள், சட்டையெல்லாம் மஞ்சள், வாய் தானாக பிஸ்மில்லாஹ், பிஸ்மில்லாஹ் என்கிறது. ராத்திரி தூக்கமில்லை. டார்ச் அடித்துப் போய்ப் பார்த்தேன், பூ மூடியிருந்தது. மறுநாள் உதிரவில்லை. அதற்கு மறுநாளும் உதிரவில்லை! மூன்றாம் நாள், காய்ந்த இதழ்களுக்கு நடுவே பச்சைப் பட்டாணி ஒன்று பளபளவென்று உட்கார்ந்திருந்தது. உம்மாவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து காட்டினேன். இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை.

விரலில் எடுக்கிற தூள் கூடக் கூட விதை கூடும், ஒவ்வொரு விதையைச் சுற்றியும்தான் சாறு இருப்பதால் பழமும் கனக்கும். அதனால்தான் நான் கஞ்சத்தனம் பண்ணுவதே இல்லை. பூத்த நேரம் மழை விழுந்தால் மட்டும் அன்றைய தூள் நனைந்து வெடித்து வீணாகும், அது போகட்டும், நாளைக்கும் பூக்கத்தானே போகிறது!

இப்போதெல்லாம் எனக்குக் கூட்டாளி வந்துவிட்டான். கருவண்டு. கட்டைவிரல் பருமனில், கன்னங்கரேலென்று, ஊதாப் பளபளப்போடு வந்து, தேனுக்காகப் பூவுக்குள் தலையை விடும்போது அவன் முதுகு மகரந்தப் பையில் சரியாக உரசுகிறது. சின்னத் தேனீ இந்தப் பூவில் தூளைத் திருடுமே தவிர வேலை நடக்காது, உயரம் பத்தாது. கருவண்டோ இந்தப் பூவுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. மரத்தைக் குடைந்து கூடு கட்டுகிறவன் என்பதால், கஜாவில் விழுந்த தென்னையில் ஒரு துண்டையும் நாலைந்து காய்ந்த மூங்கிலையும் பந்தலோரம் கிடத்தி வைத்தேன். மூங்கிலில் வட்டமாக ஒரு துளை, கீழே மரத்தூள்! அன்றைக்கு எனக்குப் பேரன் பிறந்த சந்தோஷம்.

பூத்து இரண்டு மாதத்துக்கு மேல் பொறுக்க வேண்டும். பறிக்கவே கூடாது, அதுவாக விழும். விடியற்காலை சுப்ஹு தொழுதுவிட்டு வந்தால் பந்தலடியில் மஞ்சள் மஞ்சளாகக் கிடக்கும், அதைக் கூடையில் பொறுக்குவதற்குப் பேரப்பிள்ளைகளுக்குள் சண்டை. உடனே வெட்டாமல் நாலு நாள் வையுங்கள், தோல் சுருங்கச் சுருங்க இனிப்பு ஏறும். வெட்டினால், உள்ளே தங்கநிறக் குழைவில் கருப்பு விதைகள், அறை முழுக்க வாசனை. போன நோன்பில் ஒரு மாதமும் எங்கள் வீட்டில் இதுதான் சர்பத். நாலு பழத்தை வழித்து, சீனியும் கல் உப்பு ஒரு சிட்டிகையும் போட்டு, பானைத் தண்ணீர் ஊற்றி, ஊறின சப்ஜா விதையைக் கலக்கினால் போதும். பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டு இதை ஒரு மடக்கு குடித்துப் பாருங்கள். புளிப்பு முதலில் கன்னத்தைக் கிள்ளும், பின்னாலேயே இனிப்பு வந்து தடவிக் கொடுக்கும், பகல் முழுக்க வறண்ட தொண்டைக்குள் ஒரு வாய்க்கால் திறந்துவிட்ட மாதிரி இருக்கும்!

குறையே இல்லையா என்றால், ஆரஞ்சு நிற வண்ணத்துப்பூச்சியின் முள்ளுப்புழு இலையைக் கொஞ்சம் கடிக்கும், கத்திரி வெயிலில் பூ குறையும். அவ்வளவுதான். இப்போது என் கண்ணெல்லாம் "காவேரி" மேல். குடகில் செட்டள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் ஊதாவையும் மஞ்சளையும் கலந்து உண்டாக்கிய கலப்பினத்துக்கு வைத்த பேர் அது. நம்ம ஆறு பிறக்கிற மலையில் பிறந்த கொடிக்கு நம்ம ஆற்றின் பேர்! அது கடைமடைக்கு வராமல் இருக்கலாமா? ஒரு கன்று வந்துவிட்டது. மலைக்காரியின் ரத்தம் கலந்ததால் வெயிலுக்குக் கொஞ்சம் முகம் சுளிக்கிறாள், தென்னை நிழலில் வைத்திருக்கிறேன், நேற்று ஒரு சுருள் நீட்டியிருக்கிறாள்.

உங்கள் கொல்லையிலோ மாடியிலோ பத்தடி வெயில் இருந்தால் தயவுசெய்து இதை நடுங்கள். என்னைப் போல ஒரு வருஷத்தை வீணாக்க வேண்டாம், மஞ்சள் கொடி என்றால் வேறு வேறு தாயின் விதையில் வந்த இரண்டு கன்று வையுங்கள். அதிரைப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள், விதை தருகிறேன், இரண்டு கொடியிலிருந்தும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டித்தான் தருவேன். பன்னிரண்டரைக்குள் வந்துவிடுங்கள்.